தூரத்தை வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் நேரமும் பயணச்சீட்டில் உள்ள விமானப் பயண நேரமும் ஏன் பொருந்துவதில்லை?

இரு விமான நிலையங்களுக்கு இடையே பொதுவாகக் குறிப்பிடப்படும் தூரம், பூமியின் மேற்பரப்பின் மீது அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். இதைப் பெருவட்டத் தூரம் என்பர். ஓர் உலக உருண்டையில் லண்டனையும் நியூயார்க்கையும் நூலால் இழுத்துப் பிடித்துப் பார்த்தால், நூல் வடக்கே வளைந்து செல்வது தெரியும். அதன் அளவு ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் எனக் கொண்டு வகுத்தால் 6 மணி 10 நிமிடம் வருகிறது. ஆனால் அட்டவணையில் லண்டனிலிருந்து செல்ல சுமார் 8 மணி நேரமும், திரும்பி வர சுமார் 7 மணி நேரமும் இருக்கும். செல்லும் நேரத்துக்கும் திரும்பும் நேரத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டுக்கு முதன்மைக் காரணம், விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் விரைவான காற்றோட்டமே. அது திரும்பும் விமானத்தைப் பின்னிருந்து தள்ளுகிறது, செல்லும் விமானத்தை எதிர்த்து நிற்கிறது. குளிர்காலத்தில் அதன் வலு கூடுவதால் வேறுபாடும் கூடும்.

மேலும், அட்டவணை நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல், சேருமிடத்தில் நிறுத்தப்படுவது வரை, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் தரையிறங்க வானில் வட்டமிட்டுக் காத்திருப்பதும் உட்பட, அனைத்தும் அதில் அடங்கும்.

பலரும் தடுமாறுவது கடிகாரத்தில்தான்: லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்குச் சேரும் என்றால் அது மூன்று மணி நேரப் பயணமன்று, இரண்டும் அந்தந்த ஊரின் நேரம் என்பதால், இடையிலுள்ள 5 மணி நேர வேறுபாட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.