சூடாகாத ஆம்ப் எது? மலையிலிருந்து வந்த கேள்விகள்

கோத்தகிரியிலிருந்து: "அண்ணா, மர அலமாரிக்குள் வைக்க ஆம்ப் (பாட்டுச் சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையர்) வேண்டும். 200 வாட் வாங்கினால் சூடாகுமா?"

தம்பி, அந்த 200-ஐ முதலில் மறந்துவிடுங்கள். உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் 87 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுத்தாலே 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். சின்ன அறையில் ராத்திரி பாட்டுக் கேட்க ஒன்றிரண்டு வாட்டுக்கு மேல் போகாது. பெட்டி சுடுவது பெரும்பாலும் பாட்டால் இல்லை, பாட்டே ஓடாதபோதும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் கரண்டால்தான். அதனால் கடையில் "சும்மா ஆன் பண்ணி வைத்தால் எத்தனை வாட் இழுக்கும்?" என்று கேளுங்கள். கிளாஸ் டி என்ற வகை ஆம்பில் டிரான்சிஸ்டர் முழுசாகத் திறக்கும் அல்லது முழுசாக மூடும், நடுவில் நிற்காது; நல்ல சத்தத்தில் ஓடும்போது 90 சதவீதம் வரை மின்சாரம் ஸ்பீக்கருக்கே போய்விடும். அலமாரிக்கு அதுதான் சரி, ஆனாலும் பின்பக்கம் நாலு விரல் இடைவெளி விடுங்கள்.

ஊட்டியிலிருந்து: "இந்தக் குளிருக்கு கிளாஸ் ஏ வைத்தால் அறையும் கதகதப்பாக இருக்குமே?"

இருக்கும். கிளாஸ் ஏ என்றால் பாட்டு ஓடாதபோதும் உள்ளே நிறைய கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும் வகை. எனக்கும் அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் சும்மா இருக்கும்போதே 150 வாட் இழுக்கும் ஆம்பை தினம் 4 மணி நேரம் போட்டால் மாதம் 18 யூனிட். அப்புறம், 2,200 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, ஹீட் சிங்கிலிருந்து (சூட்டை வெளியே விடும் உலோகத் தகடு) சூட்டை எடுத்துப் போக அதற்குத் தெம்பு குறைவு. குளிர் அதை ஈடுகட்டுவது திறந்த மேசையில் வைத்தால் மட்டும்தான். ஆம்புக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டருக்கு 10 டிகிரி கூடினால் ஆயுசு பாதி என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு.

கூடலூரிலிருந்து: "கிளாஸ் டி வாங்கினேன், சூடே இல்லை. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் கரகரப்பு வந்துவிட்டது, ஏன்?"

இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பழைய ஆம்ப் தன் சூட்டிலேயே தன்னைக் காயவைத்துக்கொள்ளும், சில்லென்று ஓடும் ஆம்புக்கு அந்த வசதி இல்லை. போன வாரம் ஒன்றைத் திறந்தேன்: ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது, வால்யூம் குமிழைத் திருகினால் மணல் அரைபடுகிற மாதிரி சத்தம், உள்ளே போர்டில் ஒரு குறையும் இல்லை. பச்சை பிடித்த வயர் நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டினேன், வால்யூமுக்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்தேன், தீர்ந்தது. உங்களுடையதும் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். ஆம்பை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். ஈர நாட்களில் தினம் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள். வெளியூரிலிருந்து வந்ததும் ஹீட்டரைப் போட்டுவிட்டு உடனே ஆம்பை ஆன் பண்ண வேண்டாம், குளிர்ந்த உலோகத்தில் நீர் பூத்திருக்கும்.

கொடைக்கானலிலிருந்து: "டிபிஏ3116 போர்டு 50 வாட் என்கிறார்கள், என்னிடம் 12 வோல்ட் அடாப்டர் இருக்கிறது, போதுமா?"

டிபிஏ3116 என்பது ஒரு கிளாஸ் டி சிப். அந்த 50 வாட், 4 ஓம் ஸ்பீக்கரில் 21 வோல்ட்டில் 10 சதவீதச் சிதைவோடு (ஒலி கெட்டுப்போகும் அளவு) வருவது. உங்கள் 12 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட் போலத்தான் கிடைக்கும். ஒரு அறைக்கு அது போதும். கையில் இருப்பதை மாட்டிக் கேளுங்கள், பத்தாவிட்டால் 24 வோல்ட் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.

குன்னூரிலிருந்து: "புது ஆம்ப் பக்கத்தில் வைத்தால் மீடியம் வேவ் ரேடியோ இரைகிறதே?"

கிளாஸ் டி வினாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடுவதால் வரும் இரைச்சல் அது. ரேடியோவைத் தள்ளி வையுங்கள், ஸ்பீக்கர் வயரை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு குட்டையாக வையுங்கள்.