கூடங்குளம் தாக்கப்பட்டால் இராமநாதபுரம் கடற்கரையில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மூக்கையூரில் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். 2025 மே மாதம் கல்பாக்கத்தில் போர்க்கால ஒத்திகை நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் பயம். போர் மூண்டால் கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் தாக்குவார்களா? அதைத் தடுக்கச் சட்டம் உண்டா? நாங்கள் ஊரைக் காலி செய்ய வேண்டி வருமா? அயோடின் மாத்திரையை இப்போதே வாங்கி வைக்கலாமா?

பதில்: மூக்கையூருக்கும் கூடங்குளத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 135 கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறது, இராமேசுவரம் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நம் நாட்டில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் வட்டத்துக்குத்தான் அவசரகாலத் திட்டம் வகுக்கிறார்கள். ஆகவே ஊரைக் காலி செய்யும் நிலை உங்களுக்கு வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் உணவு, குடிநீர் தொடர்பான கட்டுப்பாடுகள் அந்த வட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. 1986இல் உக்ரைனின் செர்னோபில் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்துக்குப் பிறகு, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பிரிட்டனின் வேல்ஸ் மலைப்பகுதியில் செம்மறி ஆடு விற்பதற்கு விதித்த கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது. கூடங்குளம் உலையின் அமைப்பு வேறு, உறுதியான இரட்டைக் காப்புச் சுவர் கொண்டது. என்றாலும் உங்கள் கவலை வீட்டை விட்டு ஓடுவதைப் பற்றியல்ல, கடலையும் ஊருணியையும் பற்றியதாக இருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. போரில் நாடுகள் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையில் 56ஆம் பிரிவு, பொதுமக்களுக்குப் பேரிழப்பு நேரக்கூடுமானால் அணுமின் நிலையத்தைத் தாக்கக் கூடாது என்கிறது. ஆனால் படை நடவடிக்கைகளுக்கு நேரடியாகவும் தொடர்ந்தும் கணிசமாக மின்சாரம் தருகிற நிலையத்துக்கு, வேறு வழியே இல்லாத நிலையில், விலக்கும் வைத்திருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் அந்த நெறிமுறையை ஏற்று உறுதிசெய்யவில்லை. நமக்கு நெருக்கமான காப்பு, 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் இவ்விரு நாடுகளும் கையெழுத்திட்ட உடன்பாடு. அதன்படி ஒருவர் அணுநிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது. 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். பகை முற்றிய ஆண்டுகளிலும் நீடித்த இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும் அது இரண்டு அரசுகளை மட்டுமே கட்டுப்படுத்தும். மீறினால் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை.

குண்டு நேராக அணுஉலையின் கூரையில் விழுவதுதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நிபுணர்கள் அதிகம் அஞ்சுவது மின்சாரம் அறுந்துபோவதைத்தான். உலையை நிறுத்திவிட்டாலும் எரிபொருளின் வெப்பம் உடனே அடங்காது. 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை உள்ளே சுமார் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. நிறுத்தி ஒரு நாள் ஆன பின்பும் அதில் ஏறத்தாழ அரை விழுக்காடு, அதாவது 15 மெகாவாட் அளவு வெப்பம் வந்துகொண்டிருக்கும். அதைத் தணிக்க நீர் ஓட வேண்டும், நீர் ஓடப் பம்பு இயங்க வேண்டும். 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நிலநடுக்கம் மின்பாதையை அறுத்தது, சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. உலைகள் உருகியது அதனால்தான். 2022 மார்ச் முதல் ரஷ்யப் படையின் பிடியில் இருக்கும் உக்ரைனின் சபோரிஷியா நிலையம் வெளி மின்சாரத்தைப் பலமுறை முற்றாக இழந்து, டீசல் ஜெனரேட்டர்களால்தான் தப்பியது. 2025 செப்டம்பரில் தொடங்கிய துண்டிப்பு ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்தது. நிலையத்துக்கான வெளி மின்சாரத்தை ஆபத்துக்கு உள்ளாக்கக் கூடாது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் ரஃபேல் குரோசி 2023 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் வலியுறுத்தினார். 56ஆம் பிரிவோ மின்பாதையையும் துணைமின் நிலையத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் நாடுகள் முதலில் முனைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூடங்குளத்தில் மின்சாரமே இல்லாமல், இயல்பான காற்றோட்டத்தைக் கொண்டு வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாடும் உண்டு என்பது ஆறுதலான செய்தி.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. கதிரியக்கப் பொருள் வெளியேறியதாக அறிவிப்பு வந்தால், அது எந்தப் பக்கம் போகும் என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். பொதுவாகத் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அது உங்கள் பக்கம் வரக்கூடும். வாடைக் காலத்தில் எதிர்ப்பக்கம் போகும். கடலில் இருந்தால் மேற்கே போகாமல் கரை திரும்புங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் மேல் உடுப்பைக் கழற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் குளியுங்கள். கதவு, ஜன்னல்களை மூடி, மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை வானொலியில் கேளுங்கள். திறந்து கிடக்கும் ஊருணித் தண்ணீரைப் பரிசோதனை முடியும்வரை குடிக்க வேண்டாம். மூடிய குடத்திலும் தொட்டியிலும் முன்பே பிடித்து வைத்ததைக் குடிக்கலாம். வெளியே மேய்ந்த ஆடு, மாடுகளின் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. செர்னோபில் பகுதியில் பிள்ளைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததற்குப் பாலே முதன்மைக் காரணம்.

அயோடின் மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டு சுரப்பியை மட்டும் காக்கும். அணுஉலையிலிருந்து வெளியேறக்கூடிய இன்னொரு கதிரியக்கப் பொருளான சீசியத்துக்கு எதிராக அதனால் பயனில்லை. உரிய நேரத்தில், சொல்லப்பட்ட அளவில் எடுத்தால்தான் பலன். தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்குத் தீங்கும் செய்யலாம். அயோடின் உப்பு இதற்கு ஈடாகாது. ஒரு மாத்திரை அளவு அயோடினைப் பெறக் கிலோக்கணக்கில் உப்புத் தின்ன வேண்டியிருக்கும். காயத்துக்குப் போடும் அயோடின் டிங்க்சரைக் குடிப்பது நேரடியான ஆபத்து.

மீனைப் பொறுத்தவரை, கதிரியக்க அயோடின் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்; சீசியம் பாதியாக 30 ஆண்டுகள் ஆகும். எனவே மீன் உண்ணத் தக்கதா என்பதை மாதிரி எடுத்து அளந்துதான் சொல்ல முடியும். வெளியே காயப்போட்ட கருவாட்டை உள்ளே எடுத்த மூட்டைகளோடு கலக்காதீர்கள். முன்பே கட்டிய மூட்டைகளை மூடி வைத்து, ஒவ்வொன்றிலும் கட்டிய தேதியை எழுதுங்கள். பின்னர் மீன்வளத் துறையிடம் பரிசோதனை முடிவை எழுத்தில் கேட்டு வாங்கும்போதும், வியாபாரியிடம் விலை பேசும்போதும் அந்தத் தேதி உதவும்.