மகன் தரம் 9, கணிதக் கொப்பியைத் தொடவே மாட்டேன் என்கிறான்

மகனை மூன்றாவது ரியூசனிலும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்க வேண்டாம். நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்குப் பஸ்ஸில் போய்வந்து களைத்த பிள்ளை, இரவு எட்டு மணிக்குக் கொப்பியை மூடித்தான் வைக்கும். இரண்டு கிழமைக்குத் தரம் 9 பாடத்தை விட்டுவிட்டு, அவனுக்கு விளங்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்.

சோம்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விஞ்ஞானத்தில் 60 எடுப்பவன் கணிதத்தில் மட்டும் 18 என்றால், கீழ் வகுப்பில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் பின்னம்தான்.

இப்படிப் பாருங்கள்:

1. பழைய தரம் 6 பாடநூலிலிருந்து ஐந்து பின்னக் கணக்குக் கொடுங்கள். நேரம் வைக்காதீர்கள், பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

2. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினால், மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியிருக்கிறான். பிழைத்த இடம் அதுதான். 2/5 அரையைவிடச் சிறியது. ரொட்டியைப் பிய்த்துக் காட்டுங்கள்: அரை ரொட்டியோடு இன்னொரு துண்டு சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

3. அப்புறம் தினமும் 15 நிமிடம், அவ்வளவுதான். "கெட்டிக்காரன்" என்று சொல்லாமல், "பகுதியெண்ணைச் சமப்படுத்திவிட்டுக் கூட்டினாய், சரி" என்று அவன் செய்ததைச் சொல்லுங்கள்.

கரும்பலகை தெளிவாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள்; கண் பிரச்சினை என்றால் இதெல்லாம் உதவாது. தமிழ் வாசிக்கவும் திணறினால் முதலில் வகுப்பாசிரியரோடு பேசுங்கள்.