பிரேக் பேட் மாற்ற ஸ்கேனர் எதற்கு?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்கூழ் வியாபாரம் செய்கிறேன். பெங்களூரில் 2014 மாடல் ஆடி ஏ6 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மாதம் சில தடவை சேலம் போய் வருவேன். தொப்பூர் இறக்கம் முடிந்ததும் கருகல் வாடை வருகிறது. பிறகு பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறுகிறது. இப்போது பேட் லைட்டும் எரிகிறது. என் பழைய இன்னோவாவைப் பார்த்த மெக்கானிக், நான்கு சக்கரத்துக்கும் ஒரு மணி நேரத்தில் பேட் மாற்றித் தருகிறேன் என்கிறார். பெங்களூரிலோ ஸ்கேனர் போடணும், பிரேக் ஆயில் மாற்றணும் என்று பெரிய பில் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? இவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் இருந்தும் ஏன் வாடை வருகிறது?

பதில்: ஏமாற்றவில்லை. ஸ்கேனரும் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) வேண்டும், ஆயிலும் மாற்ற வேண்டும். அதற்காக பெங்களூருக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பில்லில் வேறு என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன் சக்கரத்துப் பேட்களை உங்கள் மெக்கானிக் தாராளமாக மாற்றலாம். சிக்கல் பின் சக்கரத்தில். உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் லிவர் கிடையாது, பட்டன்தான். பட்டனை இழுத்தால் பின் காலிப்பர் (பேட்டைப் பிடித்திருக்கும் கவ்வி) ஒவ்வொன்றின் முதுகிலும் உள்ள குட்டி மோட்டார் ஒரு திருகுத் தண்டைச் சுற்றும். அந்தத் தண்டில் ஏறி வரும் நட், பிஸ்டனை உள்ளிருந்து தள்ளிப் பேட்டை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கோடு இறுக்கும். இன்னோவாவில் செய்வதுபோல கிளாம்ப் போட்டு பிஸ்டனை உள்ளே நெருக்கினால், பின்னால் நட் முட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் நெருக்கினால் தண்டோ மோட்டார் பல்சக்கரமோ போய்விடும். அப்புறம் பேட் விலையில் முடிய வேண்டிய வேலை காலிப்பர் விலையில் போய் நிற்கும்.

ஸ்கேனரில் பேட் மாற்றும் நிலை என்று ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்ததும் பின்னால் சில நொடிகள் 'கிர்ர்' என்று சத்தம் வரும். நட் பின்வாங்குகிற சத்தம் அது. அதன் பிறகு பிஸ்டன் சாதாரணமாக உள்ளே போகும். புதுப் பேட் மாட்டியதும் நட்டைத் திரும்ப முன்னே கொண்டுவரும் மூடும் கட்டளை கொடுக்க வேண்டும். வண்டியை நகர்த்தும் முன் பெடலை நாலைந்து முறை மிதித்து, அது கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் முதல் மிதி தரை வரைக்கும் போகும். பேட்டரி சோர்ந்திருந்தால் இந்த வேலையில் கை வைக்கக் கூடாது. பாதியில் கரண்ட் இறங்கினால் மோட்டாரும் பாதியில் நின்றுவிடும்.

ஆக, மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "பின்னாடி மோட்டாரை எப்படிண்ணா உள்ளே அனுப்புவீங்க?" ஸ்கேனர் பெயரைச் சொன்னால் சாவியைக் கொடுங்கள். "அழுத்தினா போயிடும்ங்க" என்றால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப்பை ஓசூர்ப் பக்கம் விசாரித்தாலே போதும்.

பழைய பென்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். 2002இல் வந்த இ-கிளாஸில் எஸ்பிசி என்ற சிஸ்டம் இருந்தது. காலின் அழுத்தத்தை சென்சார் படிக்கும், சக்கரத்துக்கான அழுத்தத்தைப் பம்ப் கொடுக்கும். கதவைத் திறந்தாலே அது விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும். அதை அணைக்காமல் பேட்டைக் கழற்றினால் பிஸ்டன் பாய்ந்து விரலை நசுக்கிவிடும். 2006இல் அந்தக் காருக்கு அதை நிறுத்திவிட்டார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று எஸ்பிசி உள்ள அந்த வருடங்களின் வண்டியை வாங்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இனி வாடைக்கு வருவோம். ஏபிஎஸ் 1978இல் பென்ஸ் எஸ்-கிளாஸில் வந்தது, ஈஎஸ்பி 1995இல். சக்கரம் பூட்டிக்கொண்டால் முதலாவது அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கும். வண்டி வழுக்கித் திரும்பினால் இரண்டாவது தேவையான சக்கரத்தை மட்டும் பிடிக்கும். இரண்டுமே இருக்கிற பிரேக்கைப் பங்கு போடும் வேலை. சூட்டைக் குறைக்கிற வேலை எதற்கும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 2 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 20 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிவரும். ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அதில் பெரும்பங்கு அந்த நான்கு டிஸ்கில்தான் இறங்கும். பாளையம் டோல்கேட் தாண்டி இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியர் லிவரை மேனுவலுக்குத் தள்ளி, கியரைக் குறைத்து, இன்ஜின் இழுத்துப் பிடிக்கும்படி வையுங்கள். வேகம் ஏறினால் ஒரு தடவை நன்றாக மிதித்துக் குறைத்துவிட்டு காலை எடுத்துவிட வேண்டும். இரட்டைப் பாலம் வரைக்கும் பெடலில் லேசாகக் கால் வைத்தபடியே போவதுதான் டிஸ்கைப் பழுக்க வைக்கிறது. நியூட்ரலில் இறக்கும் லாரிக்காரர்களைப் பார்த்து டீசல் மிச்சம் பிடிக்க மட்டும் நினைக்காதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரக்கணக்கு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடும். காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும், பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று முந்தைய ஓனருக்கே தெரியாவிட்டால் மாற்றியதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது சரியான வழக்கம். கையேட்டில் சொன்ன ரகத்தையே, சீல் உடைக்காத டப்பாவில் வாங்குங்கள். ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால் அதை எடுக்கவும் ஸ்கேனர் வேண்டும்.

ஸ்டீயரிங் உதறுவது பெரும்பாலும் முன் டிஸ்க் பிரச்சினை. டிஸ்கின் தடிமன் சுற்றிலும் ஒரே அளவாக இல்லை என்று அர்த்தம். இறக்கம் முடிந்த கையோடு பழுத்த டிஸ்கைப் பேட் கவ்விய நிலையில் நின்றால், பேட்டின் பூச்சு அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இதில் உங்கள் ஆட்டோ ஹோல்டும் கூட்டாளி, நீங்கள் காலை எடுத்தாலும் அது பிடித்துக்கொண்டே இருக்கும். தொப்பூர் தாண்டி ஓரிரு கிலோமீட்டர் பிரேக்கில் கை வைக்காமல், சாரி, கால் வைக்காமல் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். டிஸ்க் விளிம்பில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் அளந்து, அதை நெருங்கியிருந்தால் டிஸ்கையும் மாற்றிவிடுங்கள். லேத்தில் கடைந்து சமாளிப்பதை இந்த எடையுள்ள வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

பேட் லைட் என்பது பேட்டுக்குள் பதித்த ஒரு வயர்தான். தேய்ந்து டிஸ்க் அதைத் தொட்டதும் லைட் வரும். அந்த வயரையும் புதிதாகப் போட வேண்டும். பல கார்களில் இது எல்லாச் சக்கரத்திலும் இருக்காது, அதனால் மற்ற பேட்களைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். சூடான வண்டியை நிறுத்திய சில நிமிடங்களில் பின்னால் தானாக 'கிர்' சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்க் ஆறிச் சுருங்கும்போது மோட்டார் திரும்ப ஒரு தடவை இறுக்கிக்கொள்கிறது.

ஓடும்போது பெடல் கைவிட்டால் ஹேண்ட் பிரேக் பட்டனை இழுத்துப் பிடித்தபடி இருக்கலாம். ஈஎஸ்பி பம்ப் நான்கு சக்கரத்தையும் பிடித்து வண்டியை நிறுத்தப் பார்க்கும். ஆனால் ஆயில் கொதித்துதான் பெடல் போயிருக்கிறது என்றால், அந்தப் பம்பும் அதே ஆயிலைத்தான் தள்ள வேண்டும். அடுத்த சேலம் பயணத்துக்கு முன் ஆயிலையாவது மாற்றிவிடுங்கள்.