நன்றாக நடப்பவர் மாற்றுத்திறனாளி பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தினால் தட்டிக் கேட்கலாமா?

நடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். வண்டியில் அனுமதி அட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இதயச் செயலிழப்போ நுரையீரல் நோயோ உள்ளவர் இறங்கிப் பத்தடி நடக்கும்போது ஒன்றும் தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நோய் இருந்தால் காலையில் உள்ள தெம்பு மாலையில் இருக்காது. உடம்பு சூடானாலே சிலருக்குக் கால் தளர்ந்துவிடும். செயற்கைக் கால் பேன்ட்டுக்குள் மறைந்துவிடும். நீங்கள் பார்ப்பது அந்தப் பத்தடியை மட்டும்தான்.

1968-ல் உருவான சக்கர நாற்காலிச் சின்னமே, மாற்றுத்திறனாளி என்றால் சக்கர நாற்காலியில்தான் இருப்பார் என்று நம் கண்ணைப் பழக்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட் முதல் ஆட்டிசம், கடும் மனப்பதற்றம் போன்றவற்றால் வெளியே போக மிகவும் சிரமப்படுபவர்களும் ‘நீல அட்டை’ எனப்படும் மாற்றுத்திறனாளி பார்க்கிங் அனுமதி அட்டையைப் பெறலாம்.

சரி, அட்டையே இல்லாமல் ‘ரெண்டே நிமிஷம்’ என்று நிறுத்துகிறவர்கள்? அவர்களை விடக் கூடாது. பக்கத்தில் கோடு போட்ட காலி இடமும் சக்கர நாற்காலியை இறக்கத்தான். அங்கே ஒரு பைக் நின்றால் காரின் உரிமையாளர் ஏறவே முடியாது. காவலாளியிடமோ போக்குவரத்துக் காவலரிடமோ வண்டி எண்ணைச் சொல்லுங்கள். ‘உங்களுக்கு என்ன நோய்?’ என்று மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள்.