ரன் அடிக்கிற கீப்பரா, பந்தை விடாத கீப்பரா?

ஒரு கிளப் டீமுக்கு செலக்‌ஷன் பண்ற நண்பர் கேட்டிருக்காரு. அவங்ககிட்ட ரெண்டு கீப்பர். ஒருத்தன் அஞ்சாவதா இறங்குறான், ஆவரேஜ் 34, ஆனா ஸ்பின்னுக்கு ஸ்டம்ப் பக்கத்துல நின்னா தடுமாறுறான், இன்னொருத்தனோட ஒப்பிட்டா ரெண்டு மேட்ச்சுக்கு ஒரு சான்ஸ் கூடுதலா விட்டுடுறான். அந்த இன்னொருத்தன் கைல பந்து ஒட்டிக்கும், ஆனா ஒன்பதாவது இறங்கி ஆவரேஜ் 14. பவுலிங்ல பாதி ஓவர் ஸ்பின் தான். 50 ஓவர் லீக், 20 ஓவர் டோர்னமென்ட் ரெண்டும் ஆடுறாங்க, யாரை எடுக்கிறது?

50 ஓவருக்கு ரெண்டாவது பையன். 20 ஓவருக்கு பெரும்பாலும் முதல் பையன். ஏன்னு சொல்றேன், ஏன்னா உங்க நம்பர் மாறுனா பதிலும் மாறும்.

எல்லாரும் பண்றது என்னன்னா 34ல இருந்து 14 கழிச்சு 20 ரன் வித்தியாசம், கீப்பிங்ல அவ்ளோவா போயிடப்போகுதுன்னு முடிச்சுடுறது. இது தப்பான கழித்தல். ரெண்டாவது பையன் கீப்பிங் பண்ணா முதல் பையன் வீட்டுக்கா போறான்? வெறும் பேட்ஸ்மேனா அதே அஞ்சாவது இடத்துல ஆடுவான், வெளிய உட்காரப்போறது உங்க கடைசி பேட்ஸ்மேன். அவன் ஆவரேஜ் 22ன்னு வைங்க, நீங்க உண்மையிலயே இழக்கிறது 22க்கும் 14க்கும் நடுவுல இருக்கிற 8 ரன், அதுவும் எல்லாரும் பேட் பிடிக்கிற அன்னைக்கு. ரெண்டு கீப்பரை ஒப்பிடாதீங்க, ரெண்டு விதமான பதினோரு பேர் டீமையும் பேப்பர்ல எழுதி பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க.

இப்போ விட்ட சான்ஸோட விலை. உங்க லீக்ல ஒரு டீம் ஆல் அவுட் ஆனா சுமாரா 230 அடிக்குதுன்னா ஒரு விக்கெட்டுக்கு 23 ரன். கேட்ச் விட்டா எதிர் டீமுக்கு பதினோராவது விக்கெட் ஒண்ணை சும்மா குடுத்த மாதிரி, அதனால விலையும் கிட்டத்தட்ட அதே 23. நல்லா ஆடுற பேட்ஸ்மேன்னா இன்னும் ஜாஸ்தி, கடைசி ஆளுன்னா கம்மி. ரெண்டு மேட்ச்சுக்கு ஒண்ணுன்னா மேட்ச்சுக்கு பதினொன்னு பன்னெண்டு ரன் ஆச்சு. 8 ரன்னை காப்பாத்த பன்னெண்டு ரன்னை விடுறீங்க, அவ்ளோதான் விஷயம்.

இதுல இன்னொன்னும் இருக்கு, கிளவுஸை கழட்டுனா முதல் பையனோட பேட்டிங்கே ஏறலாம். சங்கக்காரா டெஸ்ட்ல கீப்பிங் பண்ணிக்கிட்டு ஆடுனப்போ ஆவரேஜ் 40 பக்கம், கீப்பிங் இல்லாம ஆடுனப்போ 66க்கு மேல. இங்கிலாந்தோட அலெக் ஸ்டூவர்ட்டுக்கும் கிளவுஸ் இல்லாதப்போ 46க்கு மேல, இருந்தப்போ 35 பக்கம். பேட்டிங் ஆர்டர், வயசுன்னு வேற காரணமும் அதுல கலந்திருக்கு, ஆனா அம்பது ஓவர் குனிஞ்சு எந்திரிச்சுட்டு உடனே பேட் பிடிச்சு பாருங்க தெரியும். அதனால அந்த 34 கீப்பிங் பண்ண மேட்ச்ல வந்ததா, பண்ணாத மேட்ச்ல வந்ததான்னு ஸ்கோர்புக்கை பிரிச்சு பாருங்க. 14ல எத்தனை நாட் அவுட்னும் பாருங்க, ஒன்பதாவது ஆளோட ஆவரேஜை நாட் அவுட் சும்மாவே தூக்கி விட்டுடும்.

ஆஸ்திரேலியா கீப்பர் கில்கிறிஸ்ட்டை காட்டி வாதம் பண்றவங்க நிறைய பேரு. 96 டெஸ்ட், ஆவரேஜ் 47.60, அதுவும் பெரும்பாலும் ஏழாவது இறங்கி. சரிதான், ஆனா அந்த ஆளு ஸ்பின்னர் வார்னுக்கு ஸ்டம்ப் பக்கத்துல நின்னு கீப்பிங் பண்ணவரு, 416 பேரை அவுட்டாக்குனவரு. அவருக்கு முன்னாடி இருந்த ஹீலி ஆவரேஜ் 27 தான், அன்னைக்கு அது ஒரு குறையா யாருக்கும் படல. கில்கிறிஸ்ட் வந்தப்புறம் எல்லா டீமும் பேட்டிங்கை மட்டும் பார்த்துட்டு கீப்பிங்கை மறந்துட்டாங்கன்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

2023 ஆஷஸ் நல்ல உதாரணம். இங்கிலாந்து, கீப்பிங்ல கெட்டிக்காரரான ஃபோக்ஸை விட்டுட்டு பேட்டிங்ல பலமான பேர்ஸ்டோவை கீப்பரா எடுத்தாங்க. எட்ஜ்பாஸ்டன்ல முதல் இன்னிங்ஸ்ல 78 அடிச்சாரு, ஆனா ஆஸ்திரேலியாவோட கிரீனை ஸ்டம்பிங் பண்ண வந்த சான்ஸையும், கேரியோட கேட்சையும் விட்டுட்டாரு, கடைசில ஆஸ்திரேலியா ரெண்டு விக்கெட்ல ஜெயிச்சுது. அதுக்காக அந்த செலக்‌ஷனே முட்டாள்தனம்னு சொல்ல மாட்டேன், அதே சீரிஸ்ல ஓல்ட் டிராஃபோர்ட்ல 99 நாட் அவுட் அடிச்சதும் அவருதான். ஆனா 78 ஸ்கோர்கார்டுல தெரியுது, விட்ட ஸ்டம்பிங் எங்கயுமே தெரியாது. செலக்டருங்க பேட்டிங் பக்கம் சாயுறதுக்கு பாதி காரணம் இதுதான்.

அதனால அவுட்டாக்குன எண்ணிக்கையை வச்சு கீப்பரை எடை போடாதீங்க, அது பவுலரோட எண்ணிக்கை. தென்னாப்பிரிக்கா கீப்பர் பவுச்சர் டெஸ்ட்ல 555 பேரை அவுட்டாக்குனாரு, அதுல ஸ்டம்பிங் 23 தான், ஏன்னா அவரு கீப்பிங் பண்ணது பெரும்பாலும் வேகப்பந்துக்கு. அந்த காலத்து ஆஸ்திரேலியா கீப்பர் ஓல்ட்ஃபீல்ட் 54 டெஸ்ட்ல 52 ஸ்டம்பிங், ஏன்னா அவருக்கு கிரிம்மெட் மாதிரி ஸ்பின்னருங்க போட்டாங்க. இதை வச்சு யாரு கை சுத்தம்னு சொல்ல முடியுமா? பைஸ் (பேட்ல படாம கீப்பரை தாண்டிப் போற பந்துல வர்ற ரன்) கணக்கும் பாதி பொய் தான், பிட்ச் கரடுமுரடா இருந்து பவுலரும் லெக் சைடு வெளிய போட்டா எந்த கீப்பரும் பைஸ் குடுப்பான்.

எண்ண வேண்டியது சான்ஸை. ஒரு சீசன் முழுக்க ஒரு பேப்பர்ல வந்த சான்ஸ் எத்தனை, புடிச்சது எத்தனைன்னு போடுங்க, நின்ன இடத்தையும் எழுதுங்க, பின்னாடியா ஸ்டம்ப் பக்கத்துலயான்னு. தனக்கும் ஃபர்ஸ்ட் ஸ்லிப்புக்கும் நடுவுல போற எட்ஜுக்கு கீப்பர் அசையவே இல்லன்னா அதையும் விட்ட சான்ஸாவே எழுதுங்க, ஏன்னா டைவ் அடிச்சு தட்டிவிட்டவனை திட்டுவோம், மரம் மாதிரி நின்னவனை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். ஃபர்ஸ்ட் ஸ்லிப்ல நிக்கிறவரை கேட்டு எழுதுனா ரொம்ப நல்லது, பவுலருகிட்ட மட்டும் கேக்காதீங்க, அவருக்கு எல்லாமே கேட்ச் தான்.

நேர்ல பாக்கும்போது லெக் சைடு டேக்கை மட்டும் கவனிச்சாலே பாதி தெரிஞ்சுடும். பேட்ஸ்மேன் உடம்பு மறைச்சு ஒரு நொடி பந்தே தெரியாது, அப்போ கால் முதல்ல நகருதா இல்ல கை மட்டும் பாயுதா, பந்து பிட்ச் ஆகுறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுடுறானா, பந்தோட சேர்ந்து எந்திரிக்கிறானா. அதையே கடைசி பத்து ஓவர்லயும் பாருங்க, களைப்புல முதல்ல போறது அந்த உட்கார்ற பழக்கம் தான்.

பவுலிங்கை பொறுத்து ஆளை மாத்துறதுல வெக்கமே வேண்டாம். 2019ல தென்னாப்பிரிக்கா இங்க வந்தப்போ ஸ்பின் பிட்ச்சுக்கு சாஹா கீப்பிங் பண்ணாரு, 2020ல நியூசிலாந்து போனப்போ பந்த் பண்ணாரு. அங்க கீப்பர் பெரும்பாலும் பின்னாடி நின்னு தான் புடிக்கணும், வித்தியாசம் குறைஞ்சுடும், பேட்டிங் மேல வந்துடும். உங்க பவுலிங்ல ஸ்பின் கால்வாசி தான்னா நானும் முதல் பையனைத்தான் சொல்லியிருப்பேன். உங்க பவுலருங்கல்ல நாலு பேருக்கு பேட்டே பிடிக்க தெரியாதுன்னாலும் கணக்கு மாறும், அப்போ ஒன்பதாவது ஆள் சீக்கிரமே உள்ள வந்துடுவான், அவன் ரன் முக்கியமாயிடும்.

ஆவரேஜ் கம்மின்னா பேட் பிடிக்கவே தெரியாதுன்னும் நினைக்காதீங்க. இங்கிலாந்து கீப்பர் பாப் டெய்லர் டெஸ்ட் ஆவரேஜ் 16 தான், 1980ல இந்தியாவோட ஆடுன பம்பாய் டெஸ்ட்ல இங்கிலாந்து 58க்கு 5ல நின்னப்போ போத்தமோட சேர்ந்து 171 போட்டாரு, அவரு பங்கு 43. அதே மேட்ச்ல கீப்பரா 10 கேட்ச். நடுவுல டெய்லருக்கு அம்பயர் அவுட் குடுத்தும் இந்தியா கேப்டன் விஸ்வநாத் அவரை திரும்ப கூப்ட்டு ஆட விட்டாருங்கிறது வேற கதை.

20 ஓவருக்கு ஏன் வேறன்னா, 150க்கு 6ன்னு இன்னிங்ஸ் முடிஞ்சா நாலு விக்கெட் செலவே ஆகல, அப்போ ஒரு விக்கெட்டுக்கு 25ன்னு வகுத்தா தப்பு. அவுட் ஆனாலும் அடுத்தவன் வந்து அதே வேகத்துல அடிப்பான், அதனால விட்ட கேட்ச்சோட விலை குறையும், செட் ஆன பேட்ஸ்மேனா இருந்தா மட்டும் வலிக்கும். ஆனா ஒண்ணு, உங்க மீடியம் பேஸருக்கு ரெண்டாவது பையன் ஸ்டம்ப் பக்கத்துல நின்னு பேட்ஸ்மேனை கிரீஸ்லயே கட்டி வைக்கிறான்னா 20 ஓவர்லயும் அவனுக்கு ரெண்டு மேட்ச் குடுத்து பாருங்க, எதிர் டீம் இறங்கி வந்து அடிக்கிறது எவ்ளோ குறையுதுன்னு சான்ஸ் எழுதுற அதே பேப்பர்ல எழுதி வைங்க.