மூணு தட்டு வீணாப் போச்சு, அக்கா!

கேள்வி: ஓட்ஸ், கடலை, வெல்லம் எல்லாம் கலந்து மொறுமொறுவென்று வாட்டி, காலையில் சாப்பிடும் கிரனோலா கடையில் விற்கும் விலை கட்டுப்படி ஆகவில்லை என்று, வீட்டிலுள்ள ஓடிஜி என்ற சின்ன மின்சார அவனில் நானே செய்து பார்த்தேன் அக்கா. முதல் தடவை ஓரமெல்லாம் கருகி, நடுவில் ஈரமாக இருந்தது. அடுத்த தடவை சூட்டைக் குறைத்து, எண்ணெயையும் வெல்லத்தையும் பாதியாக்கி, சீக்கிரமே வெளியே எடுத்தேன். மறுநாள் மழையில் நனைந்த பொரி மாதிரி நமத்துப் போயிருந்தது. மூன்றாவது தடவை மொறுமொறுவென்று வந்தும், உலர் திராட்சை கல்லாகிவிட்டது. மாமனாருக்குப் பல் வலி. "இதுக்குப் பேசாம பொரி உருண்டை பிடிச்சிருக்கலாம்" என்கிறார் அத்தை. விட்டுவிடட்டுமா?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புத் தங்கைக்கு, விட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று தட்டிலும் மூன்று வேறு வேறு தப்பு. முதலில் கருகியது, மூன்றாவதில் கருகவில்லை. இரண்டாவதில் நமத்தது, மூன்றாவதில் நமக்கவில்லை. நீங்கள் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பொருள் போனதே என்ற வருத்தத்தில் அது கண்ணில் படவில்லை.

அத்தை சொன்னதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் கையில்தான் உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கிறது. கார்த்திகைக்கு அவர் பொரி உருண்டை பிடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, உருட்டி எடுத்து, தட்டில் போட்டு 'டங்' என்று சத்தம் வருகிறதா என்று கேட்பார். வெல்லத்தில் இருந்த தண்ணீர் போதுமான அளவு போய்விட்டது என்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். அடுப்பில் இருக்கும்வரை இளகிக் கிடக்கும் பாகு, ஆறினதும் கண்ணாடி மாதிரி இறுகும். கிரனோலாவும் இதே கதைதான். அவனிலிருந்து எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறும்போதுதான் மொறுமொறுக்கும். ஈரம் முழுதாகப் போகாமல் எடுத்தால், எவ்வளவு ஆறினாலும் மெத்தென்றே கிடக்கும்.

சரி, உங்கள் தட்டுகளுக்கு வருகிறேன். முதல் தட்டில் கனமாகப் பரப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சின்ன அவனில் தட்டின் ஓரம் முதலில் காய்ந்துவிடும், நடுவில் ஆவி வெளியே போக வழியில்லாமல் அடைந்து கிடக்கும். ஒரு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். பாதி நேரத்தில் தட்டை வெளியே எடுத்து, ஓரத்தில் இருப்பதை நடுவுக்கும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கும் தள்ளி, தட்டையும் திருப்பி வையுங்கள். தேன் சேர்த்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். தேனில் உள்ள பழச் சர்க்கரை, சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே சிவந்துவிடும். ஜவ்வாது மலைத் தேன் கிடைத்தால், அதை அவனில் வாட்டாமல் தட்டில் போட்டுச் சாப்பிடும்போது மேலே ஊற்றிக்கொள்வதுதான் எனக்குப் பிடிக்கும். (ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் எந்த வடிவத்திலும் கூடாது.)

இரண்டாவது தட்டைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். கருகியதற்குப் பயந்து நீங்கள் ஒரே நாளில் நான்கை மாற்றிவிட்டீர்கள்: சூடு, எண்ணெய், வெல்லம், நேரம். நமத்துப் போனதற்கு இதில் எது காரணம் என்று யார் சொல்ல முடியும்? எண்ணெயைக் குறைத்தால் உடம்புக்கு நல்லது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் அந்த எண்ணெய்தான் சூட்டை ஒவ்வொரு ஓட்ஸ் இதழுக்கும் ஒரே சீராகக் கொண்டுபோகிறது. அது இல்லாவிட்டால் ஓட்ஸ் சாக்பீஸ் தூள் மாதிரி வறண்டு போகும். அடுத்த முறை ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதுவும் 100 கிராம் ஓட்ஸில். கெட்டாலும் நெஞ்சு பதறாது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ஒரு எவர்சில்வர் டப்பா. சத்துவாச்சாரியில் குடியிருந்தபோது ஒரு ராத்திரி கிரனோலா செய்தேன். அருமையான நிறம், அருமையான மணம். தூக்கக் கலக்கத்தில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே டப்பாவில் கொட்டி மூடிவிட்டேன். காலையில் திறந்தால், மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். கீழே எல்லாம் ஈரத் துணி மாதிரி. அன்றைக்குப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்: "நிறம் சரி. ருசி சரி. சூட்டோடு மூடினேன்." அந்தப் பக்கம் இப்போது நிறைந்துவிட்டது. நீங்களும் எழுதுங்கள், எண்களோடு எழுதுங்கள்: எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், எந்தத் தட்டு, வெளியே மழையா வெயிலா. மழை முக்கியம். வெல்லம் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நம் ஊரில் மூடி சரியாக இல்லாத டப்பாவில்கூட மொறுமொறுவென்று இருப்பது, ஐப்பசி மழையில் ஒரே நாளில் நமத்துவிடும்.

திராட்சைக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. அது ஏற்கெனவே காய்ந்த பழம், மறுபடி அரை மணி நேரம் வாட்டினால் கல்தான். எல்லாம் ஆறிய பிறகு கலந்துகொள்ளுங்கள்.

இனி நான் செய்யும் அளவு. ரோல்டு ஓட்ஸ் (தட்டையாக அழுத்திய முழு ஓட்ஸ்) 300 கிராம். இரண்டு நிமிடத்தில் வேகும் மெல்லிய ஓட்ஸ் வேண்டாம், மாவாகிவிடும். வேர்க்கடலை 100 கிராம். இதைக் கடாயில் முக்கால் பதம் வறுத்துத் தோல் நீக்கிக்கொள்ளுங்கள், பச்சையாகப் போட்டால் ஓட்ஸ் சிவக்கும்போது கடலை உள்ளே வேகாமல் நிற்கும். பூசணி விதை 50 கிராம், உப்பு அரை டீஸ்பூன். வேலூர் மண்டித் தெருவில் வாங்கும் உருண்டை வெல்லம் 100 கிராமை நுணுக்கி, மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் கரையவிட்டு, மண் போக வடிகட்டுங்கள். மறுபடி அடுப்பில் வைத்துக் கொஞ்சம் கெட்டியானதும் செக்குக் கடலை எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி சேர்த்து, எல்லாவற்றையும் பிசறிவிடுங்கள். 150 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். கட்டிகட்டியாக வேண்டுமென்றால், பாதியில் கிளறியபின் கரண்டியால் அழுத்திவிட்டு, ஆறும்வரை கையே வைக்காதீர்கள். ஓட்ஸில் கொஞ்சத்தைக் குறைத்துச் சாமை அவல் சேர்த்தாலும் நன்றாக வரும். ஆனால் அது அடுத்த தடவைக்கு. இந்தத் தடவை ஒரே மாற்றம்தான் என்று பேசியிருக்கிறோம்.

இன்னொன்று. 1863-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் காலேப் ஜாக்சன் என்ற மருத்துவர் கிரனோலாவின் முன்னோடியைச் செய்தார். அதில் ஓட்ஸ் கிடையாது. முழுக்கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடியும் சுடுவார்கள். ராத்திரியே பாலில் ஊறப்போட்டால்தான் காலையில் மெல்ல முடியும், அவ்வளவு கடினம். உங்கள் மாமனாருக்கும் அதே வைத்தியம்தான்: அவர் பங்கைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்துக் கொடுங்கள், மூன்றாவது தட்டு வீணாகாது.

இரண்டாவது தட்டில் மிச்சம் இருந்து, மணமும் நிறமும் கெடாமல் இருந்தால், அதையும் கொட்டாதீர்கள். 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, தட்டிலேயே முழுதாக ஆறவிட்டுப் பாருங்கள். கருகிய முதல் தட்டை மட்டும் விட்டுவிடுங்கள், அந்தக் கசப்பு எதைச் சேர்த்தாலும் போகாது. நாலாவது தடவை வெல்லம் கொதிக்கும்போது அத்தையை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டு, "பதம் சரியா அத்தை?" என்று கேளுங்கள்.